சன்னத்தில் ஒட்டிய தூசி

துப்பாக்கியிலிருந்து பாய்ந்து வரும் உலோகத்துக்குத் தமிழில் பல பெயர்கள். தமிழ்நாட்டுப் பத்திரிகைகளில் அது குண்டு, சில சமயம் தோட்டா. ஈழத்தவர் பேச்சில் அது சன்னம் அல்லது ரவை. சரியாகச் சொன்னால் தோட்டா என்பது முழுப் பொட்டலம்: பித்தளைக் கூடு, உள்ளே வெடிமருந்து, அடியில் தட்டியதும் தீப்பற்றும் சிறிதளவு மருந்து, முனையில் உலோகத் துண்டு. சுட்டதும் கூடு துப்பாக்கியின் அருகிலேயே விழுந்துவிடும். பறந்து போவது முனைத் துண்டு மட்டும்தான். குண்டு என்றால் வெடிகுண்டோ என்ற குழப்பமும் வரக்கூடும் என்பதால், இக்கட்டுரையில் அந்த முனைத் துண்டை ஈழத்தவர் வழக்கப்படி சன்னம் என்றே அழைக்கிறேன்.

சன்னத்தைப் பற்றிப் பேச இன்னொரு காரணமும் உண்டு. இலங்கையின் கிழக்குக் கரையில் நடந்த ஒரு படுகொலையின் விசாரணை, மெல்பர்னிலிருந்து போன ஒரு மருத்துவர் பார்த்த ஒரே ஒரு சன்னத்தின் மேல் வந்து நின்றது. அது எத்தனை மில்லிமீட்டர் என்பதுதான் கேள்வி.

மூதூர், 2006

2006 ஆகஸ்ட் 4. திருகோணமலை மாவட்டம் மூதூரில் இராணுவத்துக்கும் விடுதலைப் புலிகளுக்கும் சண்டை நடந்துகொண்டிருந்த நாட்கள். 'அக்‌ஷன் பாம்' என்று ஊர்மக்கள் அழைத்த பிரெஞ்சுத் தொண்டு நிறுவனத்தின் உள்ளூர்ப் பணியாளர்கள் 17 பேர் அவர்களது அலுவலக வளாகத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 16 பேர் தமிழர், ஒருவர் முஸ்லிம். நான்கு பேர் பெண்கள். ஆழிப்பேரலைக்குப் பின்னான நிவாரணப் பணிக்காக அங்கே இருந்தவர்கள். நிறுவனத்தின் பெயர் பொறித்த சட்டையோடு, முகம் குப்புறக் கிடந்தார்கள்.

அரசும் புலிகளும் ஒருவரை ஒருவர் கைகாட்டினார்கள். போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழுவின் தலைவராக இருந்த ஸ்வீடன் நாட்டவர் உல்ஃப் ஹென்ரிக்சன், பாதுகாப்புப் படைகளே பொறுப்பு என்று அதே மாத இறுதியில் அறிவித்தார். அரசு மறுத்தது. அக்டோபரில் உடல்கள் சில தோண்டி எடுக்கப்பட்டு மீண்டும் பரிசோதிக்கப்பட்டன. அதைப் பார்வையிட ஆஸ்திரேலியாவிலிருந்து சென்றவர் மால்கம் டாட். மெல்பர்னில் உள்ள விக்டோரியத் தடயவியல் மருத்துவ நிறுவனத்தின் நோய்க்குறியியல் மருத்துவர்.

உடல்களிலிருந்து எடுக்கப்பட்ட சன்னங்களில் ஒன்று 5.56 மில்லிமீட்டர் வகை என்று அவர் குறிப்பிட்டார். இலங்கை அரசுப் பகுப்பாய்வாளரின் அறிக்கையோ 7.62 வகையை மட்டுமே சொன்னது. இந்த இரண்டு மில்லிமீட்டர் ஏன் முக்கியம்? 7.62 என்றால் சீனத் தயாரிப்பான டி-56 துப்பாக்கி. அது இராணுவத்திடமும் இருந்தது, காவல்துறையிடமும் இருந்தது, புலிகளிடமும் இருந்தது. எனவே அது எவரையும் சுட்டாது. 5.56 என்றால் எம்-16 போன்ற துப்பாக்கி. அது பரவலாக எல்லோர் கையிலும் இருந்ததல்ல. ஆகவே தேட வேண்டிய வட்டம் சட்டென்று சுருங்கியிருக்கும்.

2007 ஜூனில் சர்வதேச நீதிபதிகள் ஆணையம் இந்த முரண்பாட்டை வெளிப்படையாக எழுப்பியது. அதன் பார்வையாளராக இருந்த பிரிட்டிஷ் வழக்கறிஞர் மைக்கேல் பர்ன்பாம், சான்று மாற்றி வைக்கப்பட்டதா என்று விசாரிக்க வேண்டும் என்றார். ஆனால் அதன் பிறகு டாட் தம் கருத்தை மாற்றிக்கொண்டார். அந்தச் சன்னமும் 7.62 வகையைச் சேர்ந்ததே என்று ஏற்றார். மனித உரிமைகளுக்கான யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆசிரியர் அமைப்பு இந்த மாற்றத்தை ஏற்கவில்லை. விவாதம் அங்கேயே தொங்கிப் போனது.

ஒரு சன்னத்தின் அளவில் இப்படி ஒரு குழப்பம் வர முடியுமா? ஸ்கேல் வைத்து அளந்தால் போதாதா? இங்கேதான் நுண்ணோக்கியின் கதை தொடங்குகிறது.

துப்பாக்கி எழுதுவதும் வழி எழுதுவதும்

ஒரு சன்னத்தின் மேல் இரண்டு வகை எழுத்து இருக்கும்.

முதலாவது துப்பாக்கி எழுதுவது. ரைஃபிள் குழலின் உட்புறத்தில் திருகுப் படிக்கட்டு போலச் சுற்றிச் செல்லும் மேடுபள்ளங்கள் உண்டு. பறக்கும் சன்னம் பம்பரம் போலச் சுழன்று நேராகப் போவதற்கான ஏற்பாடு அது. குழலை உரசிக்கொண்டு வெளியேறும்போது அந்த மேடுபள்ளங்கள் சன்னத்தின் பக்கவாட்டில் கீறலாகப் பதியும். குழலைக் கடைந்த கருவியின் தேய்மானமும் துருவும் கூடவே மெல்லிய கோடுகளாகப் பதியும். 1920களில் அமெரிக்காவில் கால்வின் காடர்டும் அவர் கூட்டாளிகளும் ஒப்பீட்டு நுண்ணோக்கியை இந்த வேலைக்குப் பழக்கினார்கள். இரண்டு நுண்ணோக்கிகளை ஒரே கண்ணாடியில் இணைத்து, சந்தேகத்துக்குரிய சன்னத்தையும் சோதனைக்காகச் சுட்ட சன்னத்தையும் பாதிப் பாதியாக அருகருகே பார்ப்பது. கோடுகள் தொடர்ந்து ஓடுகின்றனவா என்று கண் தேடும்.

இரண்டாவது, போகும் வழி எழுதுவது. சன்னம் எதன் ஊடாகப் போகிறதோ அதில் கொஞ்சத்தை எடுத்துக்கொண்டுதான் போகும். முனையில் ஈயம் வெளியே தெரியும் சன்னம் என்றால் அது மிருதுவான மெழுகு போல. துணியைத் துளைத்தால் நெசவின் பாவும் ஊடும் முனையில் அச்சாகப் பதியலாம், இழை சிக்கலாம். கண்ணாடியைத் துளைத்தால் பொடி உள்ளே புதையும். சுவர், மரம், எலும்பு, பெயிண்ட் எல்லாமே தம் முத்திரையை விட்டுவிடும்.

இந்தத் துகள்கள் மைக்ரான் கணக்கில் சிறியவை. நம் தலைமுடியின் தடிப்பு எழுபது எண்பது மைக்ரான் என்று வைத்துக்கொண்டால், அதில் பத்தில் ஒரு பங்கு இருக்கும் துகளை எப்படி அடையாளம் காண்பது? அதற்கு ஸ்கேனிங் எலெக்ட்ரான் நுண்ணோக்கி. பொறியியல் முதுகலையில் உடைந்த உலோகத் துண்டுகளைப் பார்க்க நான் பயன்படுத்திய அதே வகைக் கருவிதான். எலெக்ட்ரான் கற்றை துகளின் மேல் படும்போது ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய ஆற்றலில் எக்ஸ் கதிரை உமிழும். அந்தக் கதிர்களைப் பிரித்துப் பார்த்தால் துகளில் என்னென்ன தனிமங்கள் என்று திரையில் சிகரங்களாகத் தெரியும்.

பிறகு சமையல் குறிப்பைத் தலைகீழாகப் படிக்கும் வேலை. கால்சியமும் கந்தகமும் சேர்ந்து வந்தால் ஜிப்சம். ஆஸ்திரேலிய வீடுகளின் உட்சுவர்ப் பலகை அதுதான். கால்சியமும் பாஸ்பரஸும் என்றால் எலும்பாக இருக்கலாம். சிலிக்கான், சோடியம், கால்சியம் என்றால் ஜன்னல் கண்ணாடி. டைட்டானியம் தூக்கலாக இருந்தால் வெள்ளைப் பெயிண்ட். எது எதன் மேல் படிந்திருக்கிறது என்பதும் பேசும். கண்ணாடிப் பொடி அடியில் நசுங்கி, அதன் மேல் துணி இழை இருந்தால், சன்னம் முதலில் கண்ணாடியைத் துளைத்து அப்புறம் ஆளைத் தாக்கியது என்று ஒரு வரிசை கிடைக்கும். 'நேரே என்னைப் பார்த்துச் சுட்டான்', 'இல்லை, தரையில் பட்டுத் தெறித்தது' என்ற இரண்டு வாக்குமூலங்களில் எது பொருந்துகிறது என்று பார்க்க இந்த வரிசை போதுமானதாக இருக்கலாம்.

மூதூர்ச் சன்னத்துக்கு வருவோம். டி-56 சுடும் 7.62 சன்னம் ஒரே கட்டியான உலோகம் அல்ல. வெளியே மெல்லிய உறை, அடுத்து ஈயப் பூச்சு, நடுவில் ஓர் இரும்பு உட்கரு. முழுச் சன்னத்தின் விட்டம் 8 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஆனால் உட்கருவின் விட்டம் சுமார் 5.7 மில்லிமீட்டர்தான். 5.56 என்று பெயர் பெற்ற சன்னத்தின் உண்மையான விட்டமும் 5.7தான்! எலும்பில் மோதி உறை கிழிந்து கழன்றுவிட்டால், மிஞ்சும் உட்கருவை வெறும் கண்ணாலோ அளவுகோலாலோ பார்ப்பவர் 5.56 என்று சொல்ல முழு வாய்ப்பு உண்டு.

சோதித்து முடிவு காண்பது கடினமும் அல்ல. உட்கரு குழலை உரசவே இல்லை, உறைதான் உரசியது. ஆகவே உட்கருவில் திருகுக் கீறல் இருக்காது. 5.56 சன்னத்தில் செப்புக் கலவை உறையும் அதன்மேல் கீறலும் இருக்கும். எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் ஒன்று இரும்பு என்றும் மற்றது செம்பும் துத்தநாகமும் என்றும் சில நிமிடங்களில் தெரிந்துவிடும். ஆனால் இதற்கெல்லாம் ஒரு முன்நிபந்தனை உண்டு. உடலிலிருந்து எடுக்கப்பட்ட அதே சன்னம்தான் சோதனை மேசையில் இருக்கிறது என்று எல்லோரும் நம்ப வேண்டும். எடுத்த நொடியில் அளவுகோலோடு புகைப்படம், எடை, முத்திரையிட்ட பை, யார் கையிலிருந்து யார் கைக்கு எந்த நேரத்தில் போனது என்ற பதிவு. இவற்றை எதிர்த் தரப்பும் பார்க்க முடிய வேண்டும். மூதூர் வழக்கில் அந்த நம்பிக்கைதான் இல்லாமல் போயிற்று. பதிவில் நம்பிக்கை இல்லாத இடத்தில், முதலில் சொன்னதும் சந்தேகத்துக்கு உள்ளாகிறது, திருத்திச் சொன்னதும் உள்ளாகிறது.

சிட்னி, 2014

நம்பிக்கை இருந்தால் விஷயம் எப்படிப் போகும் என்பதற்குச் சிட்னியில் ஓர் உதாரணம் உண்டு.

2014 டிசம்பர் 15 காலை மார்ட்டின் பிளேஸில் உள்ள லிண்ட் காப்பிக் கடைக்குள் மான் ஹரோன் மோனிஸ் என்பவன் குழல் வெட்டப்பட்ட வேட்டைத் துப்பாக்கியோடு நுழைந்து 18 பேரைப் பிணை வைத்தான். மறுநாள் அதிகாலை இரண்டு மணிக்குப் பிறகு கடையின் மேலாளரை அவன் சுட்டதும் காவல்துறை உள்ளே பாய்ந்தது. இரண்டு அதிகாரிகள் சில நொடிகளில் 22 முறை சுட்டார்கள். மோனிஸ் இறந்தான். பிணையாளிகளில் ஒருவரான ஒரு பெண் வழக்கறிஞரும் இறந்தார். மூன்று குழந்தைகளின் தாய்.

அவரைக் கொன்றது யார்? அவன்தான் என்று சொல்லி முடித்திருந்தால் அன்றைய மனநிலையில் அநேகமாக யாரும் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் ஒன்றரை மாதத்துக்குள், 2015 ஜனவரி இறுதியில், மரண விசாரணையின் தொடக்க அமர்விலேயே உண்மை பகிரங்கமாகச் சொல்லப்பட்டது: கடினமான பரப்புகளில் பட்டுத் தெறித்த காவல்துறைச் சன்னத்தின், அல்லது சன்னங்களின், ஆறு சிதறல்கள் அவர் உடலில் பட்டிருந்தன.

வேட்டைத் துப்பாக்கியின் குறுமணிகளும் காவல்துறை ரைஃபிளின் உறையிட்ட சன்னமும் வடிவத்திலும் பொருளிலும் வேறு. லேசான, அதிவேகமான ரைஃபிள் சன்னம் கல்லிலோ உலோகத்திலோ மோதினால் நொறுங்கித் திசைக்கொன்றாகத் தெறிக்கும். கூர்முனை மழுங்கிக் கிழிந்த ஓரத்தோடு இருக்கும் சிதறல், தான் நேரே வரவில்லை என்பதைத் தன் உருவத்தாலேயே சொல்லிவிடும். நியூ சவுத் வேல்ஸ் மாநில மரண விசாரணை அதிகாரி மைக்கேல் பார்ன்ஸ் 2017 மே 24 அன்று தம் முழு அறிக்கையை வெளியிட்டார். காவல்துறை உள்ளே புகத் தாமதித்ததை அவர் கடுமையாக விமர்சித்தார். அரசின் கையிலிருந்த துப்பாக்கியைப் பற்றியே அரசின் ஆய்வகமும் மன்றமும் பேசின; அதனால் வந்த கேள்விகளைக் காவல்துறை எதிர்கொள்ள வேண்டியதாயிற்று.

இதைப் படித்துவிட்டு, 'இங்கே எல்லாம் ஒழுங்கு, அங்கே எல்லாம் மோசம்' என்று முடித்துவிடத் தோன்றும். புலம்பெயர்ந்த நமக்கு அது சுலபமான முடிவு. ஆனால் கான்பரா வழக்கு ஒன்று அதற்கு இடம் தராது.

கான்பரா, 1989

1989 ஜனவரி 10 இரவு. ஆஸ்திரேலியக் கூட்டாட்சிக் காவல்துறையின் உதவி ஆணையர் காலின் வின்செஸ்டர், தம் வீட்டருகே காரை நிறுத்தி இறங்கும் வேளையில் தலையில் இருமுறை சுடப்பட்டு இறந்தார். கொலைக்குப் பயன்பட்ட .22 ரைஃபிள் கிடைக்கவே இல்லை. நிதித்துறையில் முன்பு அதிகாரியாக இருந்த டேவிட் ஈஸ்ட்மன் மேல் சந்தேகம் விழுந்தது. அவருடைய காரில் கிடைத்த நுண்துகள்களுக்கும் கொலை நடந்த இடத்தில் கிடைத்தவற்றுக்கும் தொடர்பு உண்டு என்று மெல்பர்னிலிருந்து வந்த விக்டோரியா ஆய்வக நிபுணர் ஒருவர் சாட்சி சொன்னார். 1995 நவம்பரில் ஈஸ்ட்மனுக்கு ஆயுள் தண்டனை.

இந்தத் துகள்கள் தோட்டாவின் அடிப்பகுதி மருந்திலிருந்து வருபவை. அது வெடிக்கும் சூட்டில் ஈயம், பேரியம், ஆன்டிமனி ஆவியாகி, காற்றில் குளிர்ந்து சிறு உருண்டைகளாக உறைந்து, சுட்டவர் கையிலும் அருகிலுள்ள பொருள்களிலும் படியும். மூன்றும் ஒரே உருண்டையில் இருந்தால் அது வலுவான அடையாளம். ஆனால் .22 தோட்டாக்கள் பலவற்றில் ஆன்டிமனி இருப்பதில்லை. ஆகவே அடையாளம் பலவீனமாகிறது. (இந்த வகைத் தோட்டாக்களின் மருந்தில் உராய்வுக்காகச் சேர்க்கப்படும் கண்ணாடிப் பொடியைப் புதிய அடையாளமாகப் பயன்படுத்த முடியுமா என்று அடிலெய்டின் ஃபிளிண்டர்ஸ் பல்கலைக்கழகத்தில் அண்மைக் காலத்தில் ஆராய்ந்திருக்கிறார்கள்.) தவிர, துப்பாக்கியைத் தொட்டவர் காரில் ஏறினாலும் துகள் வரும். துகளுக்குக் காலண்டர் கிடையாது. எந்த நாளில், எந்தச் சூட்டில் வந்தது என்று அது சொல்லாது.

2014இல் முன்னாள் நீதிபதி பிரையன் மார்ட்டின் நடத்திய விசாரணை இந்தத் தடயச் சான்றைப் பிரித்து மேய்ந்தது. நிபுணரின் கோப்புகளும் பதிவுகளும் குறைபாடானவை. அவர் நடுநிலையாக இல்லாமல் காவல்துறையின் பக்கம் சாய்ந்தார். அவரைப் பற்றி எதிர்த் தரப்புக்குத் தெரிவிக்கப்பட வேண்டியவை தெரிவிக்கப்படவில்லை என்று கண்டது. ஈஸ்ட்மன் குற்றவாளியாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்று மார்ட்டின் கருதினார்; ஆனாலும் ஐயம் மிஞ்சுகிறது, விசாரணை நியாயமாக நடக்கவில்லை என்றார். அதே ஆண்டு தண்டனை ரத்தானது. மறுவிசாரணையில் 2018 நவம்பர் 22 அன்று நடுவர் குழு ஈஸ்ட்மனை விடுவித்தது. கிட்டத்தட்ட 19 ஆண்டுச் சிறைவாசத்துக்குச் சுமார் 70 லட்சம் டாலர் இழப்பீடு. வின்செஸ்டரைக் கொன்றவர் என்று சட்டத்தின் முன் இப்போது எவரும் இல்லை. ஒழுங்கற்ற நோட்டுப் புத்தகம் ஒரு மனிதரின் 19 ஆண்டுகளையும், இன்னொரு குடும்பத்துக்குக் கிடைத்திருக்க வேண்டிய விடையையும் ஒன்றாகக் கொண்டுபோய்விட்டது.

துகள் எதைச் சொல்லும்?

அமெரிக்க அதிபர் கென்னடி கொலையில் காரின் முன்பகுதியில் கிடைத்த சன்னத் துண்டு ஒன்றில் இழைகள் ஒட்டியிருந்தன. ஒருவரின் ஆடையைத் துளைத்து இன்னொருவருக்குப் போனதற்கான தடயமோ என்று பின்னாளில் கேள்வி எழுந்தது. ஆய்வு முடிவு வெளியானது 2000ஆம் ஆண்டில். அவை துணி இழைகளே அல்ல, காகிதம் போன்ற இழைகள். சன்னத்தில் ஒட்டியிருப்பது எல்லாம் சன்னம் போன வழியில் ஒட்டியது என்று நினைக்கக் கூடாது; பொதிந்து வைத்த தாளிலிருந்தும் ஒட்டலாம், மேசையிலிருந்தும் ஒட்டலாம். அதனால்தான் சன்னத்தைக் கழுவக் கூடாது, வெறும் உலோக இடுக்கியால் பிடிக்கக் கூடாது, அறுவைக்கூடத்தின் எஃகுத் தட்டில் 'டங்' என்று போடக் கூடாது என்றெல்லாம் விதிகள். டிவி தொடர்களில் வரும் முதல் காட்சியே அந்த 'டங்'தான்!

மென்பொருள்காரர்களுக்கு இது புதிய பாடமல்ல. நிரல் என்ன செய்தது என்று லாக் கோப்பைப் பார்த்துச் சொல்கிறோம். அந்தக் கோப்பை யார் வேண்டுமானாலும் திருத்தியிருக்கலாம் என்று தெரிந்தால், அதில் உள்ள எந்த வரியும் பயன்படாது. சன்னத்தின் மேலுள்ள துகளும் அப்படித்தான். எதன் ஊடாக வந்தது, எந்த வகைத் துப்பாக்கியிலிருந்து வந்தது என்பதை அது சொல்லும். யார் ஆணையிட்டார்கள், ஏன் சுட்டார்கள் என்பதைச் சொல்லாது. சொல்லக்கூடியதையும், எடுத்தவர் ஒழுங்காக எழுதி வைத்து, மறுப்பவரும் பார்க்கும்படி திறந்து வைத்தால் மட்டுமே சொல்லும்.

மூதூர்க் கொலைகளை விசாரித்த உடலாகம ஆணைக்குழுவைக் கண்காணிக்க, இந்தியாவின் முன்னாள் தலைமை நீதிபதி பி. என். பகவதி தலைமையில் சர்வதேசப் பிரமுகர் குழு ஒன்று இருந்தது. விசாரணை சர்வதேசத் தரத்தில் இல்லை என்று சொல்லி அது 2008இல் விலகியது. ஆணைக்குழு 2009இல் தன் வேலையை முடித்தபோது இராணுவத்தைப் பொறுப்பிலிருந்து விடுவித்தது. 2013 டிசம்பரில் அந்தப் பிரெஞ்சு நிறுவனமே வெளிப்படையாக அரசுப் பாதுகாப்புப் படைகளைக் குற்றம் சாட்டியது. ஆணைக்குழுவின் அறிக்கை பொதுமக்கள் பார்வைக்கு வந்தது 2015இல்தான். அந்தப் 17 பேரின் கொலைக்காக இதுவரை ஒருவரும் தண்டிக்கப்படவில்லை.